குவாதலூப்பில் பத்து இரவுகள்: எந்த நாளில் எதை வைப்பது? முழுமையான வழிகாட்டி

கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் போகிறவர்களில் பலர், கிழக்குக் கரையில் வெள்ளை மணலை ஒட்டிய ஒரு விடுதியை மொத்த நாட்களுக்கும் பிடித்துவிடுகிறார்கள். பிறகு எரிமலைக்கும் ஆழ்கடல் நீச்சலுக்கும் தினமும் காலை ஒன்றரை மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் காரில் கழிகிறது. இரண்டு இடங்களில் தங்கி, மலையை முதலிலும் கடலை அடுத்தும் வைத்தால் அதே பத்து நாளில் இரண்டு மடங்கு பார்க்கலாம். எதை எந்த நாளில் வைப்பது என்பதைக் காற்றும் மேகமும் உங்கள் உடம்பின் கடிகாரமும் தீர்மானிக்கின்றன. அதை ஒட்டியே இந்தத் திட்டம்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் இந்தத் தீவு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். மேற்குச் சிறகு பாஸ் தேர்: எரிமலை, மழைக்காடு, அருவிகள், கருமணல். கிழக்குச் சிறகு கிராந்த் தேர்: சுண்ணாம்புக்கல் சமவெளி, கரும்புத் தோட்டங்கள், வெள்ளை மணல். இரண்டையும் ரிவியேர் சாலே என்ற ஒடுங்கிய உப்பங்கழி பிரிக்கிறது, பாலங்கள் இணைக்கின்றன. சுற்றிலும் லெ சேந்த், மரி கலாந்த், லா தெசிராத், ஆள் குடியிருக்காத பெத்தித் தேர் ஆகிய சிறு தீவுகள். எல்லாம் பிரான்சின் பகுதி. பணம் யூரோ, மொழி பிரெஞ்சும் கிரியோலும். ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் போனால் திணறுவீர்கள்.

ஆண்டு முழுவதும் கொண்டல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது. அதனால் அட்லாண்டிக் பார்த்த கிழக்குக் கரையில் அலை அதிகம். மலை மேகத்தைத் தடுத்து நிறுத்துவதால் பாஸ் தேரின் கிழக்குச் சரிவில் மழை கொட்டும். மலைக்குப் பின்னால் ஒதுங்கிய மேற்குக் கரையில் கடல் குளம்போல் கிடக்கும். மூழ்கு நீச்சல் நிலையங்கள் பெரும்பாலும் மேற்கே மலாந்தூரைச் சுற்றி இருப்பதற்கு இதுவே காரணம். ஒரு விதிவிலக்கு உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை சில நாட்கள் வடக்கிலிருந்து பெரிய அலை வரும். அப்போது போர் லூயி, தெயே போன்ற வடக்கு, வடமேற்குக் கடற்கரைகளில் இறங்கக் கூடாது. அந்த நாளில் தெற்குக் கரைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

டிசம்பர் முதல் மே வரை காய்ந்த பருவம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் அதன் உச்சம். 1989 செப்டம்பரில் வந்த ஹ்யூகோ புயல் தீவைச் சிதைத்தது. 2017 செப்டம்பரில் மரியா தாக்கியது. விலை குறைவு என்பதற்காக செப்டம்பரில் போகத் துணிகிறவர்கள், புயலால் பயணம் ரத்தானால் பணம் திரும்பத் தரும் காப்பீடு எடுத்துக்கொண்டு போகட்டும். எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று ஏறும். ஊதா என்றால் யாரும் வெளியே வரக் கூடாது. புயல் கடந்த பின் சாம்பல் நிறம். அப்போதும் சாலைக்கு வராமல் இருப்பதே முறை.

நல்ல பருவத்திலும் விலை ஒரே மாதிரி இருக்காது. பிரெஞ்சுப் பள்ளி விடுமுறைகளில், அதாவது கிறிஸ்துமஸ், பிப்ரவரி, ஈஸ்டர் வாரங்களில், டிக்கெட்டும் வாடகைக் காரும் இரண்டு மடங்காகும். ஜனவரி நடுப்பகுதியும் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் எங்கள் தேர்வு. திருவிழா பிடிக்குமென்றால் கார்னிவலைக் குறிவைக்கலாம். ஜனவரி தொடக்கத்திலிருந்தே ஞாயிறுதோறும் ஊர்வலம் நடக்கும். சாம்பல் புதனுக்கு முந்தைய மூன்று நாட்கள் உச்சம். அந்த நாட்களில் கடைகள் மூடும், சாலைகள் அடைபடும், படகு நேரங்கள் மாறும். அந்த மூன்று நாளுக்கு வேறு எதையும் போட்டுவைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் சர்காசம். அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வரும் பழுப்புக் கடற்பாசி இது. பெரும்பாலும் வசந்தகாலம் தொடங்கிக் கோடை முழுவதும் வரும். கரை ஒதுங்கி அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகும். அழுகிய முட்டை நாற்றம் வரும், தலை வலிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. பாஸ் தேரின் கிழக்கே உள்ள காப்பெஸ்தேர், கிராந்த் தேரின் தெற்குக் கரை, மரி கலாந்தின் கிழக்குப் பக்கம் ஆகியவை அடிக்கடி மாட்டும். மேற்கே தெயேயும் மலாந்தூரும் ஏறக்குறைய தப்பிவிடும். மே மாதத்துக்குப் பின் போகிறீர்களென்றால் கிழக்குக் கரை விடுதிக்குப் பணம் கட்டும் முன், ரத்து செய்ய முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா, டிக்கெட்

இங்கேதான் பலர் விமான நிலையத்தில் நிற்க நேரிடுகிறது. குவாதலூப் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதியில் இல்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருக்கும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சேருமிடம் குவாதலூப் என்று குறிப்பிட்டு, அதற்குரிய விசாவைப் பெற வேண்டும். பாரிஸ் வழியாகப் போய் அங்கேயும் சில நாள் தங்குவதென்றால் ஷெங்கன் விசாவும் வேண்டும். அதுவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். பாரிஸிலிருந்து குவாதலூப்புக்குக் கிளம்பினால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும். திரும்பி வருவது இரண்டாம் நுழைவு. பிரான்சில் வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்குத் தனி விசா தேவையில்லை. கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் இருந்தாலும் 90 நாள் வரை விசா வேண்டாம்.

பாரிஸிலிருந்து எட்டரை முதல் ஒன்பது மணி நேரம். மான்ட்ரியலிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய விமானங்கள் பாரிஸில் சார்ல் தெ கோல் நிலையத்தில் இறங்கும். குவாதலூப் விமானங்கள் பலவும் நகரத்தின் தெற்கே உள்ள ஒர்லியிலிருந்து புறப்படும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு, குடியேற்றம் கடந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இடையில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

கார் இல்லாமல் முடியாது

பேருந்து உண்டு. ஆனால் மாலையில் குறையும், ஞாயிறன்று ஏறக்குறைய இருக்காது; மலைப்பாதைகளின் தொடக்கத்துக்கும் போகாது. காரை டிக்கெட் போட்ட அன்றே பதிவு செய்யுங்கள். முன்பணத்துக்கு, ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டைப் பலரும் ஏற்பதில்லை. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் ரவுண்டானாவில்தான் தடுமாறுவார்கள்: உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, அது இடப்பக்கமிருந்து வரும். வண்டியைக் கையில் வாங்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் சேர்த்து, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போகிறவர்கள் சிறிய இன்ஜின் உள்ள மலிவு வண்டியை எடுத்தால், நான்கு பேரும் பெட்டிகளுமாக எரிமலை அடிவாரத்துச் சேன் குளோத் ஏற்றத்தில் திணறும்.

பெட்ரோல் விலையை மாவட்ட ஆட்சியரகம் நிர்ணயிக்கிறது. தீவு முழுவதும் ஒரே விலைதான். மலிவான பங்க் தேடி அலைய வேண்டாம்.

பயண நேரம் தூரத்தைப் பொறுத்ததல்ல, நேரத்தைப் பொறுத்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஜாரி தொழிற்பேட்டையைச் சுற்றிக் காலை ஆறரை முதல் ஒன்பது வரையும், மாலை மூன்றரை முதல் ஆறு வரையும் வண்டிகள் ஊர்ந்து செல்லும். நெரிசல் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து கோசியேவுக்குக் கால் மணி, சேன்த் ஆனுக்கு அரை மணி, சேன் ஃபிரான்சுவாவுக்கு முக்கால் மணி, பூயாந்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

எங்கே தங்குவது

முதல் ஆறு இரவு பாஸ் தேரில் தங்குங்கள். பூயாந்த் அல்லது அதன் அருகிலுள்ள வியூ அபித்தான் நல்ல இடம். தெயே அழகான ஊர்தான். ஆனால் அங்கிருந்து எரிமலைக்கும் லெ சேந்த் படகுக்கும் வளைவுப் பாதையில் ஒன்றேகால் மணிக்கு மேல் ஆகும். பூயாந்திலிருந்து மலாந்தூர் கடற்கரை பத்து நிமிடம், தெயே அரை மணிக்குச் சற்று மேல், எரிமலை அடிவாரம் முக்கால் மணி. அடுத்த நான்கு இரவு கிராந்த் தேரில், சேன்த் ஆனுக்கும் சேன் ஃபிரான்சுவாவுக்கும் இடையில்.

விடுதியைவிட, சமையலறை உள்ள வாடகை வீடு நல்லது. சைவக்காரர்களுக்குக் கட்டாயம் இதுதான். பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வியை உரிமையாளரிடம் கேளுங்கள்: தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? பழைய குழாய்கள் கசிவதால் பல ஊர்களில், முக்கியமாகக் கிராந்த் தேர் பக்கம், முறை வைத்துத் தண்ணீர் நிறுத்துகிறார்கள். தொட்டி இல்லாத வீட்டில் கடலிலிருந்து உப்போடு வந்து வறண்ட குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

நாட்களை அடுக்குவது

பாரிஸைவிடக் குவாதலூப் குளிர்காலத்தில் ஐந்து மணி நேரமும் கோடையில் ஆறு மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதைச் சாபமாக நினைக்காமல் மலைக்குப் பயன்படுத்துங்கள். எரிமலை உச்சி தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் காலையில் மட்டுமே.

மலையை முதலில் வைக்க அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிலிண்டரோடு ஆழத்தில் மூழ்கினால் இரத்தத்தில் நைட்ரஜன் கரைந்திருக்கும். உடனே உயரத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்து அது குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். விமானத்துக்கு முன் 24 மணி நேரம் மூழ்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். 1467 மீட்டர் எரிமலைக்கும் அதே விதி பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தீவை நடுவில் குறுக்கே வெட்டிச் செல்லும் டி 23 மலைச்சாலைகூடச் சுமார் 600 மீட்டர் உயரம் ஏறுகிறது. மூழ்கிய அன்று கிராந்த் தேர் திரும்ப வேண்டுமென்றால் வடக்கே சேன்த் ரோஸ் வழியாகக் கடற்கரைச் சாலையில் போங்கள்.

முதல் நாள்: பாரிஸ் விமானம் பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்குள் இருட்டிவிடும். ஜூனில்கூட ஏழு மணிக்குள். களைப்போடு முதன்முதலாக இருட்டில் மலைச்சாலையில் ஏறாதீர்கள். மூன்று மணிக்குள் கார் கையில் வந்துவிட்டால் பூயாந்த் போகலாம்; இல்லையென்றால் முதல் இரவை பெத்தி பூர் பக்கம் கழித்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: டி 23 சாலை, தேசியப் பூங்காவின் நடுவே. சாலையோரம் வண்டியை விட்டு ஐந்து நிமிடம் நடந்தால் எக்ரவீஸ் அருவி. எட்டு மணிக்குள் போங்கள்; ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குளம் நிறைந்துவிடும். சற்று மேலே வனமாளிகையிலிருந்து குறுகிய காட்டுப் பாதைகள் தொடங்குகின்றன. மாலையில் மலாந்தூரில் கண்ணாடியும் துடுப்புக் காலணியும் போட்டு இறங்குங்கள். பச்சை ஆமைகள் கரைக்கு அருகிலேயே கடற்புல் மேயும். மூச்சு விட அவை மேலே வரும் வழியில் குறுக்கே நீந்தாதீர்கள்; பத்து மீட்டர் விலகி அசையாமல் மிதந்தால் அவையே பக்கத்தில் வரும். இங்கே மணல் கருமை. மதிய வெயிலில் வெறுங்காலால் மிதிக்க முடியாது.

மூன்றாம் நாள்: சூஃப்ரியேர் எரிமலை

தீவுவாசிகள் இதைக் 'கிழவி' என்பார்கள். உறங்கும் எரிமலை என்று நினைக்க வேண்டாம். 1976-ல் சீறியபோது 70,000-க்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். இன்றும் உச்சியில் அமில வாயு வெளியேறுகிறது.

சேன் குளோத் ஊருக்கு மேலே, 950 மீட்டர் உயரத்தில் உள்ள பேன் ஜோன் வாகன நிறுத்தத்துக்குக் காலை ஆறரைக்குள் போய்ச் சேருங்கள். அங்கிருந்து பா தியு ருவா என்ற கல் பாவிய காட்டுப் பாதை. கற்களில் பாசி, ஏறும்போதைவிட இறங்கும்போது வழுக்கும். அரை மணியில் சவான் ஆ முலே என்ற 1142 மீட்டர் சமதளம். மரங்கள் இங்கே முடிகின்றன. மேகம் எங்கே நிற்கிறது என்று இங்கே நின்று பார்த்து முடிவெடுங்கள். மேகம் எரிமலையின் குவிமாட உச்சியை மூடி, காற்றும் பலமாக இருந்தால் மேலே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. திரும்பிவிடுவதே சரி, நாளைக்கு முயலலாம். தெளிவாக இருந்தால் ஷெமேன் தே தாம் பாதை எரிமலையை மேற்குப் பக்கமாகச் சுற்றி ஏறும். மலையே பிளந்து நிற்கும் பெரிய வெடிப்பைக் கடந்த பின் பாதை செங்குத்தாகும், கைகளும் தேவைப்படும். பிறகு கந்தக வாடை மூக்கில் ஏறும். வாயு வெளியேறும் குழிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். அதைத் தாண்டுவதற்குச் சட்டப்படியே தடை. காற்று திசை மாறினால் அமில வாயு நேரே நுரையீரலுக்குள் போகும். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சவானோடு நின்றுவிட வேண்டும்.

போய்வர மூன்றரை முதல் நான்கு மணி நேரம். ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி, காற்றுக்கும் மழைக்கும் தாங்கும் மேலாடை, மாற்றுச் சட்டை. கீழே 30 டிகிரி என்பதால் அரைக்கால் சட்டையோடு வந்து உச்சியில் நடுங்குபவர்களைத் தினமும் பார்க்கலாம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் மழை பெய்கிறது. திரும்பியதும் வாகன நிறுத்தத்தை ஒட்டிய வெதுவெதுப்பான குளத்தில் காலை நனைக்கலாம். ஆனால் தீவின் எந்த வெந்நீர் ஊற்றிலும் தலையை அமிழ்த்தாதீர்கள், மூக்கில் நீர் ஏற விடாதீர்கள். மூளையைத் தாக்கும் ஒருவகை அமீபா இந்தச் சூட்டில் வாழ்கிறது. அறிவிப்புப் பலகைகள் அதைத்தான் சொல்கின்றன. குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

நான்காம் நாள்: லெ சேந்த்

துருவா ரிவியேர் துறையிலிருந்து படகில் இருபது நிமிடத்துக்குள் லெ சேந்தின் முக்கியத் தீவான தேர் தெ ஓ. இடைப்பட்ட கால்வாயில் அலை அடிக்கும். வாந்தி வருபவர்கள் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, பின்பக்கத்தில் உட்கார வேண்டும். முதல் படகிலேயே போங்கள்; நெப்போலியன் கோட்டை மதியம் பன்னிரண்டரையோடு மூடிவிடுகிறது. முதலில் கோட்டை, பிறகு பேன் தெ சூக்ர் கடற்கரை. தீவு சிறியது, கால் வலுவாக இருந்தால் நடையே போதும், இல்லாவிட்டால் மின் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். துறையில் பெண்கள் கூடையில் விற்கும் தேங்காய்ப்பூரண அப்பம் இந்த ஊரின் சொத்து, காலையிலேயே வாங்கிவிடுங்கள். கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தைய படகில் திரும்புங்கள்.

ஐந்தாம் நாள்: கார்பே அருவியும் சாங்கிக் கோயிலும்

கார்பே மூன்று அருவிகள். 110 மீட்டர் உயரமுள்ள இரண்டாவது அருவிக்குச் செப்பனிட்ட பாதையில் இருபது நிமிட நடைதான். சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. பாறை சரியும் அபாயத்தால் அடிவாரம்வரை விடுவதில்லை. பார்வைமேடையிலிருந்து பார்க்க வேண்டும். 115 மீட்டர் உயர முதல் அருவிக்கு மேலும் ஏறிச் சேறு மிதிக்க வேண்டும். எந்த ஆற்றில் குளித்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். நீர் கலங்கி, இலைகளும் குச்சிகளும் மிதந்து வரத் தொடங்கினால் பையைத் தேடாமல் கரையேறுங்கள். வெள்ளம் சில நிமிடங்களில் வந்துவிடும்.

இறங்கும் வழியில் காப்பெஸ்தேர் பெல் ஓ. பெருஞ்சாலையோரமே சாங்கி மாரியம்மன் கோயில். 1848-ல் அடிமைமுறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். முதல் கப்பல் ஒரேலி 1854 டிசம்பர் 24 அன்று வந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு இந்த ஊர்க்காரரான ஹென்றி சிதம்பரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்காடினார். இங்கே மாரியம்மனை மலியேமேன் என்றும் மதுரை வீரனை மல்தேவிலேன் என்றும் வழங்குகிறார்கள். தமிழ் பேசுவோரைக் காண்பது அரிது. ஆனால் கடைப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் நிற்கும். கோயிலில் செருப்பைக் கழற்றுங்கள், பூசாரியைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். விழா நாளில் கிடா வெட்டு உண்டு. சிறுவர்களோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆறாம் நாள்: கடலுக்குள்

மலாந்தூருக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீட்டரில் பிழோன் தீவுத்திட்டுகள். கடல் ஆய்வாளர் கூஸ்தோ பெயரால் அழைக்கப்படும் காப்புக் கடற்பகுதி இதுதான். முதல்முறை மூழ்குபவரை ஒரு பயிற்சியாளர் கையோடு பிடித்து ஆறு மீட்டர் வரை கூட்டிப்போவார். 60 யூரோவை ஒட்டி ஆகும். சளி பிடித்திருந்தால் ஒத்திப்போடுங்கள். காது அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை கிழியும். மூழ்க விருப்பமில்லாதவர்கள் கயாக் எடுத்தால் அரை மணிக்குள் திட்டை அடையலாம். காலையிலேயே போங்கள். பத்து மணிக்கு மேல் படகுகள் கூடும், பிற்பகலில் காற்று எழும்பித் திரும்பும் துடுப்பு கனக்கும். ஞாயிறன்று தீவே கடற்கரையில்தான் இருக்கும் என்பதால் இந்த நாள் ஞாயிறில் விழாமல் பாருங்கள்.

ஏழாம் நாள் தெயே தாவரவியல் பூங்காவையும் கிராந்த் ஆன்ஸ் கடற்கரையையும் பார்த்துவிட்டு சேன்த் ரோஸ் வழியாகக் கிழக்கே இடம் மாறுங்கள்.

எட்டாம் நாள்: பெத்தித் தேர்

இதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, குறைந்தது மூன்று வாரம் முன்னால், பதிவு செய்ய வேண்டும். 1998 முதல் இயற்கைக் காப்பகமாக உள்ள இந்தத் திட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. சேன் ஃபிரான்சுவாவிலிருந்து காலை எட்டு மணியளவில் கிளம்பி மாலையில் திரும்பலாம். சாப்பாட்டோடு 80 முதல் 110 யூரோ வரை. போகும்போது காற்றை எதிர்த்துப் போவதால் படகு நன்றாக ஆடும். திட்டில் உடும்புபோன்ற இகுவானாக்கள் காலடியில் திரியும். குடாவில் எலுமிச்சைச் சுறாக் குட்டிகள் கணுக்கால் ஆழத்தில் நீந்தும். எதற்கும் தீனி போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப்போகும் என்பதால் அடுத்த நாளைக் காலியாக வைப்பது புத்திசாலித்தனம். பயணம் நடந்துவிட்டால் அந்த ஒன்பதாம் நாளில் புவாந்த் தே ஷாத்தோ முனையில் விடியல், பிறகு போவா ஜோலான் கடற்கரை. அங்கே வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர்தான். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பத்தாம் நாள் மரி கலாந்த்: புவாந்த் ஆ பித்ர் துறையிலிருந்து ஒரு மணி நேரப் படகு, அங்கே கார் வாடகைக்கு எடுத்து ஆன்ஸ் கனோ கடற்கரையும் காற்றாலைகளும்.

சாப்பாடு

பொக்கிட் என்பது எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் மீனோ கோழியோ முட்டையோ வைத்துத் தருவது. 4 முதல் 8 யூரோவுக்குள் வயிறு நிறையும். கொலொம்போ என்பது கொத்தமல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம், சீரகம், மிளகு சேர்ந்த நம் குழம்புப் பொடியின் வழிவந்தது. ஆட்டுக்கறியில் போடுவது உயர்ந்ததாகக் கருதப்படும். சைவக்காரர்கள் கவனிக்க: சிவப்பு பீன்ஸ் சோற்றில் பன்றித் துண்டு போட்டிருப்பார்கள், அக்ரா வடை என்றால் கருவாட்டு வடை. இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள். சந்தையில் சௌசௌ, பரங்கி, வெண்டை, சேனைக்கிழங்கு இனங்கள், சீமைப்பலா எல்லாம் கிடைக்கும். துவரை டிசம்பரில் பச்சையாகவே வரும். குண்டு மிளகாயை முழுதாகப் போட்டு உடையாமல் எடுத்துவிடுங்கள். உடைந்தால் குழம்பே வீண். பேச்சைத் தொடங்கும் முன் பான்ழூர் (வணக்கம்) சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

சில ஆபத்துகள்

கடற்கரையில் தண்டில் சிவப்புப் பட்டை அடித்த மரம் கண்டால் விலகுங்கள். அது மான்சினில். சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய் கொடிய நஞ்சு, பால் பட்டால் தோல் வெந்துவிடும், மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் சொட்டும் நீரே புண்ணாக்கும். டெங்கு உண்டு, பகலிலும் மாலையிலும் கொசுத் தடுப்பு பூசுங்கள். கடலில் ஆபத்தென்றால் 196, மருத்துவ அவசரத்துக்கு 15.

கிளம்பும் நாள்

பாரிஸ் விமானம் பெரும்பாலும் மாலையில்தான். காலையில் புவாந்த் ஆ பித்ரில் பழைய சர்க்கரை ஆலை நிலத்தில் 2015-ல் திறந்த மெமோரியால் ஆக்த் என்ற அடிமை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெட்டிகளைக் காரில் வெளியே தெரிய வைக்காதீர்கள். பிறகு மசாலாச் சந்தை. பொடிகளும் வனிலாவும் பெட்டியில் வரலாம். அன்னாசி, வாழை, தேங்காய் தவிர மற்ற பழங்களையும் செடிகளையும் தாவரச் சான்று இல்லாமல் பிரான்சுக்குள் கொண்டுபோக முடியாது. மாம்பழத்தைப் பறிமுதல் செய்துவிடுவார்கள், அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். பெட்ரோல் நிரப்பிய காரை மூன்று மணிக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட்டால் மாலை நெரிசலில் மாட்டாமல் விமானத்துக்குப் போய்விடலாம்.